கடற்கரைக் கல்யாணமும் கேமராவும்



பிழைப்புக்காகச் சென்னைக்கும் மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போன நம் நெல்லைப் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர், இப்போது கல்யாணத்துக்கு ஊர் திரும்புகிறார்கள். ஆயிரம் பேருக்கு மண்டபம் பிடிப்பதில்லை. நெருங்கிய சொந்தம் ஐம்பது பேரோடு, தாத்தா பாட்டி கும்பிட்ட கோயிலிலோ, அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயத்திலோ தாலி கட்டிக்கொள்கிறார்கள். உவரி போன்ற கடற்கரை ஊர் அதற்குப் பொருத்தமான இடம். அப்படிப்பட்ட சின்னக் கல்யாணத்தைப் படம் பிடிக்கும் கலையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

உவரியில் சுயம்புலிங்க சுவாமி கோயில் கடலை ஒட்டி நிற்கிறது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் கடலில் குளித்துவிட்டு, கடல் மண்ணைப் பனையோலைப் பெட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் குவிக்கிறார்கள். அதே ஊரில் அந்தோணியார் திருத்தலம் இருக்கிறது. கப்பல் வடிவில் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. அங்கே திருமணத் திருப்பலியில் குருவானவர் மந்திரித்துக் கொடுக்கும் தாலியை மாப்பிள்ளை கட்டுகிறார். இத்தனையும் ஒரே கரையில் நடக்கும்போது கேமராக்காரருக்குக் காட்சிக்குப் பஞ்சமே இல்லை. எதைப் படமாக்குவது, எப்போது ஒதுங்கி நிற்பது என்று தெரிந்திருப்பதுதான் கடினம்.

1980-களின் கடைசியிலும் 90-களிலும் வி.எச்.எஸ். கேசட்டில் கல்யாண வீடியோ நம் வீடுகளுக்கு வந்தது. கண்ணைக் கூச வைக்கும் விளக்கு, பூ விரிவது போன்ற மிக்ஸிங், பந்தியில் ஒவ்வொரு இலையாக நகரும் கேமரா என்று அந்தப் படங்களைப் பலர் இன்று கேலி செய்கிறார்கள். என் கணிப்பில் அவற்றுக்குப் பெரிய மதிப்பு உண்டு. மூன்று மணி நேரக் கேசட்டில் சடங்கு அறுபடாமல் ஓடியது. மாமா எப்போது வந்தார், சித்தி யாரிடம் பேசிக்கொண்டிருந்தார், பந்தியில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்பதெல்லாம் பதிவாயிற்று. இன்று உயிரோடு இல்லாத பலரின் நடையும் பேச்சும் அந்த நாடாக்களில் மட்டும்தான் மிஞ்சியிருக்கின்றன.

2008-இல் கேனான் 5டி மார்க் 2 வந்தது. புகைப்படக் கேமராவிலேயே சினிமாத் தரத்தில் வீடியோ எடுக்க முடிந்தபோது இந்தத் தொழிலே மாறிப்போயிற்று. முகம் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் அமையும் அழகு கைக்கு எட்டியது. கூடவே மூன்று நான்கு நிமிட ஹைலைட்ஸும் வந்தது. மெதுவாக நகரும் காட்சிகளுக்கு மேல் ஒரு சினிமாப் பாட்டை ஓட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தாலி ஏறும் நொடியில் எழும் கெட்டிமேளம் அதில் கேட்பதில்லை. நம் பெண்கள் நாக்கைச் சுழற்றி இடும் குலவை கேட்பதில்லை. ‘பொண்ணைக் கூப்பிடுங்க, நேரமாச்சு’ என்ற பெரியவரின் நெல்லைக் குரல் கேட்பதில்லை. எந்த ஊர்க் கல்யாணம் என்று சொல்லும் ஒலிகளை அழித்துவிட்டால், அந்தப் படம் எந்தக் கடற்கரைக்கும் பொருந்திவிடும்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள குறை இல்லை. மெக்சிகோவின் யுகாத்தான் கரையில், வெளிநாட்டு ஜோடிகள் மாயா மரபுப்படி கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார்கள். பூவும் பழமும் தானியமும் வைத்த பீடத்தின் முன் கொப்பால் என்னும் பிசினைப் புகைத்து, நான்கு திசைகளையும் நோக்கிச் சங்கு ஊதி, சடங்கை நடத்துபவர் மாயா மொழியில் வேண்டுகிறார். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் பேசும் மொழி அது. அந்த வேண்டுதலையும் சங்கொலியையும் நீக்கிவிட்டு மேலே இசையைப் பூசினால், மிஞ்சுவது புகையும் வெள்ளை உடையும்தான். சங்கு குளித்த கரையில் பிறந்த நமக்கு அந்த இழப்பு எளிதில் புரியும்.

நல்ல கேமராக்காரர் முதல் நாளே ஊருக்கு வந்து, பூசாரியையோ பங்குத் தந்தையையோ பார்த்து, எந்தச் சடங்குக்குப் பின் எது, எதுவரை போகலாம் என்று கேட்டுக்கொள்கிறார். கருவறையும் பலிபீடமும் கேமராவுக்கு உரிய இடங்கள் இல்லை. 2022 டிசம்பரில், திருச்செந்தூர்க் கோயில் பற்றிய வழக்கில், கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதை நேயர்கள் அறிவீர்கள். அனுமதி கேட்டு, கேட்டபடி நடப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதி.

வெளிச்சத்தையும் காற்றையும் நல்ல கேமராக்காரர் படிக்கிறார். உவரிக் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுகிறது. விடிகாலை முகூர்த்தமானால் முகங்களில் விழும் ஒளிக்கு எந்த விளக்கும் ஈடாகாது. வெயில் ஏறிவிட்டால் மணல் கண்ணைப் பறிக்கும். ஆனி, ஆடிக் காற்றில் மைக்குக்கு ரோம உறை போடாவிட்டால் இரைச்சல்தான் பதிவாகும். மாப்பிள்ளை சட்டையில் ஒரு சிறு மைக், நாதஸ்வரத்துக்கு அருகே ஒரு ரெக்கார்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ட்ரோனைப் பொறுத்தவரை, 2021-ஆம் ஆண்டு விதிகள் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. கூடங்குளம் அணுமின் நிலையம் இதே கரையில் இருக்கிறது. வரைபடத்தைப் பார்க்காமல் பறக்கவிடக் கூடாது.

ஐம்பது பேர் கூடும் கல்யாணத்தில் மூன்று கேமராவும் கிரேனும் வந்தால், சொந்தக்காரர்களே ஓரமாக நிற்க வேண்டியதாகிவிடும். ஒருவர் அல்லது இருவர் போதும். ‘இன்னொரு தடவை மாலையைப் போடுங்க’ என்று சொல்லாதவரே என் மதிப்பில் சிறந்த கலைஞர். சடங்கு ஒருமுறைதான் நடக்கும்; அது நடக்கிறபடியே வாங்கிக்கொள்ளும் பொறுமைதான் அவருடைய திறமை.

கல்யாணம் பேசி முடித்திருக்கும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். வீடியோக்காரருக்கு முன்பணம் கொடுக்கும்போதே இரண்டு விஷயங்களைப் பேசிவிடுங்கள். ஹைலைட்ஸ் இருக்கட்டும், அதோடு தாலி கட்டும் சடங்கு முழுவதும், அதன் சொந்த ஒலியோடு, வெட்டாமல் வேண்டும் என்று கேளுங்கள். கிடைத்ததை இரண்டு இடங்களில் பிரதியெடுத்து வையுங்கள். உங்கள் பேரப்பிள்ளைகள் பாட்டைத் தேட மாட்டார்கள். உங்கள் குரலைத்தான் தேடுவார்கள்.