குழாயில் நீர் வருகிறதா?



டிரக்கோமா என்னும் கண்நோய் திரும்பத் திரும்பத் தாக்கினால் பார்வையே போய்விடும். குழந்தைகளின் முகத்தை நாள்தோறும் கழுவுவது அதைத் தடுக்க உதவும். ஆயினும் செல்வ நாடான ஆஸ்திரேலியாவில், தொலைதூரப் பூர்வகுடிக் குடியிருப்புகளில் இந்நோய் பல்லாண்டுகள் நீடித்தது. 'சுத்தம் தெரியாதவர்கள்' என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம்.

நடு ஆஸ்திரேலியாவின் அனாங்கு மக்களுக்காக 1987-இல் வெளியான அறிக்கை, நலவாழ்வுக்கு வீட்டில் நடைபெற வேண்டிய ஒன்பது செயல்களை வரிசைப்படுத்தியது. உடலைக் கழுவுவதே முதலாவது. பின்னர் வீடுகளைச் சோதித்தபோது, குழாயும் வடிகாலும் பழுதானதற்குக் குடியிருந்தோர் பெரும்பாலும் காரணமல்லர். குறையான கட்டுமானமும் பராமரிப்பின்மையுமே காரணம் எனத் தெரிந்தது.

ஆண்டவர் சீடரின் காலடிகளைக் கழுவுமுன் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்தார். நாமும் அயலாரின் அழுக்கைப் பேசுமுன், அவர் வீட்டுக் குழாயில் நீர் வருகிறதா என்று கேட்கும் மனதை வேண்டுவோம்.