ஒரு நிமிடச் சரிவு



காந்த நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் ஊர் திருநெல்வேலி. காந்த ஊசியைத் தொங்கவிட்டால் இங்கே ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். நம் புவிக்காந்தக் கருத்தரங்குக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

சூரியக் காற்றில் வரும் அதிர்ச்சியலை புவியின் காந்தமண்டலத்தை அழுத்தியதும், அலிபாக் போன்ற தாழ் அட்சரேகை நிலையங்களில் புலத்தின் கிடைக்கூறு சில நிமிடங்களுக்குள் பல பத்து நானோடெஸ்லா எழும்புகிறது. இதைத்தான் திடீர்த் தொடக்கம் என்கிறோம். நம் பகுதியின் மொத்தப் புலம் ஏறத்தாழ 40,000 நானோடெஸ்லா. அதில் இது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே.

ஆனால் பகல் நேரத்தில் காந்த நிலநடுக்கோட்டில் வேறொன்றும் நடக்கிறது. ஏற்றத்துக்கு முன்பு, ஏறத்தாழ ஒரு நிமிடம், புலம் சற்றுச் சரிகிறது. அழுத்தம் கூடும்போது புலம் ஏன் குறைய வேண்டும்? ஜப்பானிய அறிஞர் தோரு அராக்கி 1970களில் இதற்கு விடை தந்தார். அழுத்தத்தால் துருவப் பகுதியில் தோன்றும் மின்புலம் கிட்டத்தட்ட அதே கணத்தில் நிலநடுக்கோட்டு அயனிமண்டலத்தையும் எட்டுகிறது. காந்தக் கோடுகள் கிடையாக இருப்பதால் இங்கே பகலில் மின்கடத்துதிறன் மிக அதிகம். சிறு மின்புலமே மேற்கு நோக்கிய மின்னோட்டத்தை உண்டாக்கிவிடும். அது கீழேயுள்ள புலத்தைக் குறைக்கிறது. துருவத்தில் நிகழ்வதன் சாட்சி திருநெல்வேலியை அடுத்த நம் கிருஷ்ணாபுரத்து ஆய்வகக் கருவியில் பதிவாகிறது! இத்துறையில் எனக்குப் பெரும் வியப்புத் தரும் செய்தி இதுவே.

நிமிடச் சராசரித் தரவில் இந்தச் சரிவு மழுங்கிவிடும். நொடித் தரவும், பிழையற்ற கடிகாரமும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தரவைக் காப்பது எப்படி என்பதற்கு நமக்கு முன்னோடிகள் உண்டு. 1859 செப்டம்பர் 2ஆம் நாள் பெரும் காந்தப் புயலின்போது பம்பாயின் கொலாபா ஆய்வகத்தில், கருவியைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதியவர்கள் ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ச்சியைக் குறித்து வைத்தார்கள். உலகம் அந்தப் புயலின் அளவை மதிப்பிட 2003இல் திரும்பிப் பார்த்தது அந்த ஏடுகளைத்தான். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் அளவீட்டைக் குலைக்கும் என்றதும் கொலாபா ஆய்வக இயக்குநர் நானாபாய் மூஸ் காந்த நிலையத்தை அலிபாகுக்கு மாற்றினார். தொடர்ச்சி அறுபடாதிருக்க 1904 முதல் 1906 வரை இரண்டு இடங்களிலும் அளவீடு நடந்தது. அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பழைய ஒளிப்படத்தாள் பதிவுகள் இன்னும் அலமாரிகளில் கிடக்கின்றன. ஈரமும் பூச்சியும் அவற்றைத் தின்பதற்குள் எண்முறைப்படுத்துங்கள். எந்த நிலையத்தில் எந்த ஆண்டின் தாள்கள் இருக்கின்றன என்ற பட்டியலையாவது, நாம் கலைந்து செல்லும் முன் எழுதி முடிப்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.