தூளியிலிருந்து விழுந்த குழந்தை

(தேனாம்பேட்டையில் நடந்த நம் சங்கச் சந்திப்பில் பேசியதன் சுருக்கம்)



டி.எம்.எஸ். வளாகத்தைத் தாண்டி வரும்போதே, "ஹாஸ்டல் கதை ஏதாவது பேசுப்பா" என்றான் என் பழைய அறைத் தோழன். மன்னிக்கணும். இன்று என் தவறு ஒன்றைச் சொல்லப் போகிறேன்.

நான் பயிற்சி டாக்டர், இரவு டூட்டி. நாலு மாதக் குழந்தைக்குத் தொடை எலும்பு முறிவு. "தூளியிலேர்ந்து விழுந்துடுச்சு" என்றார்கள். "டாக்டர், காதுலயும் கன்னியிருக்கு பாருங்க" என்றார் வயதான நர்ஸம்மா. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். மூன்றாம் வாரம் அதே குழந்தை வலிப்போடு வந்தது. பிழைக்கவில்லை.

மண்டைக்குள் ரத்தக்கசிவும் கை கால் எலும்பு முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி ஜான் காஃபி 1946-லேயே எழுதினார். அடிபட்ட குழந்தை என்று நோய்க்கே பெயர் வைத்தார் ஹென்றி கெம்ப், 1962-ல். படித்தவன்தான் நான், பார்க்கத்தான் தெரியவில்லை.

தவழாத குழந்தைக்குக் கன்றல் ஏன் வந்தது? காது, கழுத்து, வயிறு — ஓடியாடி விழும் குழந்தைக்கு இங்கெல்லாம் அடிபடுவது அபூர்வம். சொல்லும் கதை ஆளுக்கு ஆள் மாறுகிறதா? கொண்டுவர ஏன் தாமதம்? இரண்டு வயதுக்குள் என்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே, கண் டாக்டரின் விழித்திரைப் பரிசோதனை.

அவசரப்பட்டுப் பழி சுமத்தவும் கூடாது. நம் குழந்தைகளின் முதுகில் பிறவியிலேயே நீலத் திட்டு இருக்கும். எலும்பு எளிதில் நொறுங்கும் நோய் உண்டு. ரத்தம் உறையாத நோய் உண்டு. மெலிந்த குழந்தையின் வீட்டில் இருப்பது அலட்சியமா, வறுமையா? இதைத் தனி ஆள் முடிவு செய்ய முடியாது. குழந்தை மருத்துவர், நர்ஸ், எக்ஸ்ரே நிபுணர், சமூகப் பணியாளர் எல்லோரும் கூடி உட்கார வேண்டும்.

2012 ஜனவரியில் தில்லி எய்ம்ஸுக்கு இரண்டு வயதுக் குழந்தை வந்தது. தலையில் காயம், கைகளில் முறிவு, உடம்பில் பல் தடம். தூக்கி வந்தவளே பதின்வயதுப் பெண்; அவளும் கொடுமைக்கு ஆளானவள் என்று பிறகு தெரிந்தது. குழந்தை மார்ச்சில் இறந்தது. கொண்டுவருபவரையும் பார்க்க வேண்டும் என்பது அதில் நான் கற்ற பாடம்.

அதே 2012-ல் போக்சோ சட்டம் வந்தது. பாலியல் கொடுமை தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "எஃப்.ஐ.ஆர். கொண்டா" என்று சிகிச்சையை நிறுத்தி வைக்கவும் கூடாது. மற்றக் கொடுமைகளுக்கும் 1098 இருக்கிறது. குழந்தைகள் நலக் குழு இருக்கிறது.

நம்மில் பலர் சொந்தமாக நர்ஸிங் ஹோம் நடத்துகிறோம். "தெரிஞ்ச குடும்பமாச்சே, கேஸ் எதுக்கு?" என்று தயங்கும் இடமும் அதுதான். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நர்ஸம்மா என்ன சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் கேளுங்கள். அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம்.