ஒரு வீட்டுத் துப்பறிவாளியின் வாக்குமூலம்

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னைப் பேசக் கேட்டபோது, "பெண்கல்வி பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நீங்கள் நித்திரை வராத விஷயம் ஒன்றைப் பேசுங்கோ" என்றார்கள். நித்திரை வராத விஷயம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ஐம்பது வருஷமாக எனக்கொரு பொழுதுபோக்கு உண்டு. சிலர் முத்திரை சேர்ப்பார்கள், சிலர் ஓர்க்கிட் வளர்ப்பார்கள். நான் முடிவு தெரியாத கொலை வழக்குகளைச் சேர்க்கிறேன். என் பிள்ளைகள் இதை வெளியில் சொல்வதில்லை.

இது ஊரில் இல்லாத விசர் அல்ல. எங்கள் சங்கம் தொடங்கிய அதே 1926ஆம் ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தில் அகதா கிறிஸ்டி காணாமற்போனார். 11 நாட்கள். பொலிஸாரோடு பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் பற்றைகளுக்குள் தேடினார்கள். அவரோ ஹரகேட்டில் ஒரு ஹோட்டலில் வேறு பெயரில் தங்கியிருந்தார். தேடப் போனவர்களில் எத்தனை பேர் அந்த அம்மாவுக்காகப் போனார்கள், எத்தனை பேர் பத்திரிகையில் படித்த கதைக்காகப் போனார்கள் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்க நாற்பது வருஷம் எடுத்தது. அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

எனக்கு இந்த வியாதியைத் தந்தவர் என் அம்மம்மா. வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்கு பஸ்ஸில் போகும்போது, பம்பலப்பிட்டி வந்ததும் அவர் என் தொடையில் தட்டி, குரலைத் தாழ்த்தி, "உதுதான் பிள்ளை அந்த ஒழுங்கை" என்பார். செயின்ற் அல்பன்ஸ் பிளேஸ். இந்த மண்டபத்தில் தலை நரைத்தவர்கள் எல்லோரும் இப்போது தலையாட்டுகிறார்கள். இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1951 ஒக்டோபர் 9ஆம் திகதி அந்த ஒழுங்கையில் 7ஆம் இலக்க வீட்டின் கார்க் கொட்டிலில் ஆனந்தம் சதாசிவம் இறந்து கிடந்தார். கழுத்தின் மேல் ஓர் உரல். கழுத்து நெரிக்கப்பட்டிருந்தது. அவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் பேத்தி. மருதனார்மடத்தில் 1913இல் பெண்களுக்கென்று கல்லூரி கட்டியவரின் பேத்தி. நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் மகாதேவ சதாசிவம், இலங்கை அணிக்குத் தலைமை தாங்கிய துடுப்பாட்டக்காரர். 1947இல் சென்னை சேப்பாக்கத்தில் தென்னிந்தியாவுக்கு எதிராக அவர் அடித்த 215 ஓட்டங்களை என் அப்பா சாப்பாட்டு மேசையில் கரண்டியால் அடித்துக் காட்டுவார். கணவன் மனைவிக்குள் உறவு முறிந்து, ஆனந்தம் விவாகரத்துக் கோரி வழக்குப் போட்டிருந்தார்.

வீட்டில் வேலைக்கு ஒரு பெடியன். மாத்தறைப் பக்கத்து வில்லியம். வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அன்றைக்கே காணாமல் போனான். பிறகு பிடிபட்டபோது, "ஐயாதான் கொன்றார், நான் உதவி செய்தேன்" என்றான். நிபந்தனையோடு மன்னிப்பு வழங்கி அவனை அரச தரப்புச் சாட்சியாக்கினார்கள். சதாசிவம் எதிரிக் கூண்டில் ஏறினார். அவருக்காகத் தோன்றியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா. நீதியரசர் கிரேஷியன் முன்னிலையில் விசாரணை 57 நாட்கள் நடந்தது.

முழு வழக்கும் ஒரு மணிக்கூட்டில் தொங்கியது. சதாசிவம் அன்று காலை பத்தரை மணியளவில் குவிக்ஷோஸ் டாக்சி ஒன்றைக் கூப்பிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டார். ஆனந்தம் இறந்தது அதற்கு முன்னா, பின்னா? முன் என்றால் கணவன், பின் என்றால் வேலைக்காரன். கொழும்பு மருத்துவ பீடத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர் டி சேரம் உடலின் வெப்பநிலையை அளந்து, அது குளிர்ந்த வேகத்தைக் கொண்டு நேரத்தைக் கணித்தார். கணக்கு பத்தரைக்குப் பின்னால் விழுந்தது. வெப்ப நாட்டில் உடல் எப்படிக் குளிரும் என்பதற்கு அப்போது சரியான அளவுகள் இல்லை. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களை அளந்து அவர் செய்த ஆய்வு பின்னர் வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. இன்றைக்கும் அந்தத் துறையில் பேசப்படுகிறது. எடின்பரோவிலிருந்து வந்த சேர் சிட்னி ஸ்மித்தும் எதிரி தரப்புக்குச் சாட்சி சொன்னார். தன் நினைவு நூலிலும் இந்த வழக்கை எழுதினார். ஆனந்தத்தின் உள்ளங்கால்களில் அழுக்கு இருந்தது, அது குசினித் தரையின் அழுக்கு, ஆகவே வில்லியம் சொன்னதுபோல மேல்மாடி அறையில் அல்ல, குசினியில்தான் கொலை நடந்தது என்பது எதிரி தரப்பு வாதம்.

இந்த உள்ளங்கால் விஷயத்தில்தான் எங்கள் வீட்டு நீதிமன்றம் இரண்டாகப் பிளந்தது. அப்பா, கிரிக்கெட் கட்சி: "பார்த்தியா, விஞ்ஞானம்!" அம்மம்மா தேங்காய் துருவிக்கொண்டே சொல்லுவார்: "வீட்டுக்காரப் பொம்பிளையின்ர கால் எந்த நேரம் குசினியில இல்லை? அதையெல்லாம் ஒரு சாட்சியமெண்டு." ஸ்மித் துரைக்கு எதிராக அம்மம்மாவை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை.

1953 ஜூனில் யூரர்கள் ஏகமனதாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். 20 மாதம் மறியலில் இருந்தவர் வீடு போனார். மன்னிப்புப் பெற்ற வில்லியத்தின் மேல் வழக்கு இல்லை. ஆகச் சட்டத்தின் கணக்கில் ஆனந்தத்தின் கொலைக்கு இன்று வரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

நான் கல்லூரி முடித்த வருஷம் ஒரு மொனிட்டர் கொப்பி வாங்கினேன். பொது நூலகத்தில் பழைய பத்திரிகைகளை மறித்துப் பிரதி பண்ணினேன். வீட்டு வரைபடம் கீறினேன். நிமிஷ நிமிஷமாக அட்டவணை போட்டேன். பேராசிரியர் ரவீந்திர பெர்னாண்டோ 2006இல் இந்த வழக்கைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு முழுப் புத்தகம் எழுதியபோது, புதுச் சீலை வாங்கியவள் போல அதைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். என் தீர்ப்பு என்ன என்று கேட்காதீர்கள். மூன்று முறை மாற்றியிருக்கிறேன்.

இனிக் கொட்டாஞ்சேனைக்கு வருகிறேன்.

எங்கள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒருத்தி. கொட்டாஞ்சேனையில் கலியாணம் கட்டிப் போனவள். பெயர் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. 2008இல் அவளுடைய தமக்கையின் மகன் வேலையால் வரும் வழியில் காணாமல் போனான். வெள்ளை வான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தமக்கை அதிலேயே உடைந்து போக, அலைந்தது முழுக்க இவள்தான். யுத்தம் முடிந்து இரண்டு வருஷத்துக்குப் பிறகுதான் நான் அவள் வீட்டுக்குப் போனேன். அதுவரை போகாததற்குப் பயம்தான் காரணம். வேறு சாட்டுச் சொல்ல மாட்டேன்.

போன நான் என்ன செய்தேன் தெரியுமா? தேத்தண்ணி ஆற முதல் கேள்வி கேட்கத் தொடங்கினேன். எத்தனை மணி? வானில் எத்தனை பேர்? இலக்கத் தகடு யாராவது பார்த்ததா? கடைசியாகக் கதைத்தது யார்? அவள் ஒவ்வொன்றுக்கும் பாடமாக்கின பிள்ளை போல மறுமொழி சொன்னாள். பொலிஸில், மனித உரிமைகள் ஆணைக்குழுவில், செஞ்சிலுவைச் சங்கத்தில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வசனங்கள். நான் கைப்பையில் இருந்து பேனையை எடுத்தேன். அப்போதுதான் அவள் கேட்டாள்: "நீ இதை எழுதி என்னடி செய்யப் போறாய்?"

என்னிடம் மறுமொழி இல்லை. பேனையைத் திரும்ப வைத்தேன். வைத்த சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

பிறகு அவள் தன்னுடைய கொப்பியைக் கொண்டுவந்து காட்டினாள். எந்தத் திகதியில் எந்த அலுவலகம், எந்த அதிகாரி, முறைப்பாட்டு இலக்கம், பஸ் காசு, யார் ஏசினார்கள், யார் கதிரை தந்தார்கள். என்னுடைய அட்டவணையை விடச் சுத்தமான அட்டவணை. எங்கள் வரலாற்று ரீச்சர் பார்த்திருந்தால் அவளுக்குத்தான் கூடப் புள்ளி போட்டிருப்பார்.

அந்தக் காலத்தில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 இளைஞர்கள் கடத்தப்பட்ட வழக்கு உங்களுக்கு நினைவிருக்கும். என் தோழியின் பெறாமகன் அந்தப் 11 பேரில் இல்லை. அவன் பெயர் எந்த வழக்கிலும் வரவில்லை. ஆனால் அந்த வழக்கைப் பார்த்துத்தான் அவள் நம்பிக்கை வைத்திருந்தாள். 2009இல் அன்றைய கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட தன்னுடைய பாதுகாப்பு அதிகாரி மேல் கொடுத்த முறைப்பாட்டில் அது தொடங்கியது. அந்த அதிகாரியின் அறையில் காணாமற்போன பிள்ளைகளின் அடையாள அட்டைகள் அகப்பட்டன. குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தொலைபேசிப் பதிவுகளைக் கொண்டு நூல் பிடித்துப் போனது. ஆண்டுகள் ஓடின. குற்றப்பத்திரத்தில் முன்னாள் தளபதியின் பெயரும் வந்தது. அவர் குற்றத்தை மறுத்தார். 2021இல் அவருக்கு எதிரான வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டமா அதிபர் அறிவித்தார். அந்தப் பெற்றோர் நீதிமன்ற வாசலில் நின்ற படங்களை நீங்களும் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள்.

செயின்ற் அல்பன்ஸ் பிளேஸ் வழக்கில் ஒரு உடல் இருந்தது, ஒரு மணிக்கூடு இருந்தது, 57 நாள் விசாரணை இருந்தது, புத்தகங்கள் இருந்தன. என் தோழிக்கு ஒரு கொப்பி மட்டும் இருந்தது. அதனால்தானோ என்னவோ என்னைப் போன்ற ஆட்கள் எல்லோரும் பம்பலப்பிட்டிக்குப் போகிறோம், கொட்டாஞ்சேனைக்குப் போவதில்லை. உடலும் சாட்சியும் இருக்கிற வழக்கில் விளையாட இடமிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் அவளுக்கு எழுத்து வேலை செய்து கொடுக்கத் தொடங்கினேன். துப்பறிதல் அல்ல, வெறும் எழுத்து வேலை. சிங்களத்தில் வருகிற கடிதத்தைத் தமிழில் சொல்வது, மறுமொழியை ஆங்கிலத்தில் தட்டுவது, பிரதி எடுத்துத் திகதிப்படி அடுக்குவது. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி 2018இல் இயங்கத் தொடங்கியபோது கூடப் போய் இருந்தேன். அதே 2016இல் வந்த இன்னொரு திருத்தத்தால், மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழ் எடுக்க வழி வந்தது. வங்கிப் புத்தகம், காணி, பிள்ளையின் பள்ளி அனுமதி என்று எத்தனையோ காரியம் அந்த ஒரு துண்டால் நகரும். "செத்துப் போனான்" என்று கையெழுத்து வைக்கத் தேவையில்லை. இது தெரியாத குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மூன்று மொழியும் எழுதத் தெரிந்த பழைய மாணவிகள் இந்த மண்டபத்திலேயே ஐம்பது பேராவது இருப்பீர்கள். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து இந்த மலரைப் படிப்பவர்கள், அங்கே வந்து சேர்ந்த உறவினரிடம் பழைய படம், அடையாள அட்டைப் பிரதி, கடிதம் இருந்தால் கேட்டு வாங்கி அனுப்பலாம். கதவு வாசலில் நின்று கேள்வி கேட்க வேண்டாம். அதை நான் செய்து பார்த்துவிட்டேன்.

என் பழைய கொப்பியை எறியவில்லை. ஆசை அப்படிப் போகாது. சென்ற மாதம் அவள் என் வீட்டுக்கு வந்தபோது மேசையில் அதைக் கண்டு, "உந்தச் சதாசிவம் கதையை எனக்கும் ஒருக்காச் சொல்லன்" என்றாள். வரைபடத்தை விரித்து, அட்டவணையைக் காட்டி, வெப்பநிலைக் கணக்கு, டாக்சி, உள்ளங்கால் என்று முக்கால் மணித்தியாலம் சொன்னேன். மூத்த இரண்டு பிள்ளைகளும் காலையில் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், சின்னவர்கள் வீட்டில் இருந்தார்கள் என்றும் சொன்னேன். இடையில் ஒரு சொல்லும் அவள் பேசவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்:

"பள்ளிக்கூடத்தால வந்த பிள்ளையளுக்கு அண்டைக்கு ஆரடி சாப்பாடு குடுத்தது?"

கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு பக்கம். அதில் அது இல்லை.