ரயிலடியா, பள்ளிக்கூடமா?

எதிரணியில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிற நண்பர்களே!

‘தாம்பரம் வட்டாரத்து மக்களை ஒரு ஊராகச் சேர்த்து வைத்திருப்பது ரயில் நிலையமா, அரசுப் பள்ளிக்கூடமா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் நண்பர் ரயிலைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், நடுவர் மணி அடித்த பிறகும் பேசினார். நிற்கவே இல்லை, ஃபாஸ்ட் லோக்கல் மாதிரி! (சிரிப்பு)

1931-இலேயே கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது என்றார். வாஸ்தவம். அந்த ரயில் இல்லேன்னா நம்மில் பாதிப் பேர் இங்கே குடி வந்திருக்கவே மாட்டோம். ஆனா ஐயா, வந்து சேர்றது வேற, ஒண்ணாச் சேர்றது வேற இல்லையா?

ஒரே பெட்டியில், ஒரே சீட்டில், பத்து வருஷமா ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து போறோம். அவர் பேர் என்ன? தெரியாது. ‘கிண்டி சார்.’ ஏன்? கிண்டியில் இறங்குறார்! (சிரிப்பு) பள்ளிக்கூட வாசலில் போய் நின்னு பாருங்க. அங்கே யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ‘பவித்ரா அம்மா’, ‘யூசுப் அப்பா’, ‘ஸ்டெல்லா பாட்டி’. பிள்ளை பேரால்தான் கூப்பிடுறாங்க. அதுக்குப் பேர்தான் ஊர்.

இந்த வட்டாரமே வந்தவர்களால் ஆனது. குரோம்பேட்டைக்குப் பேரே தோல் பதனிட்ட கம்பெனியால் வந்தது. அனகாபுத்தூரில் நெசவு. திரிசூலத்தில் கல் உடைத்தார்கள். இன்றைக்குப் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் நமக்கு அடுக்குமாடி கட்டித் தருகிறார்கள். அவங்க பிள்ளைங்க எங்கே படிக்கிறாங்க?

சேலையூரில் ஒரு மளிகைக் கடை. முக்காடு போட்ட ஒரு அம்மா இந்தியில் ஏதோ சொல்றாங்க. கடைக்காரருக்குப் புரியலை. பக்கத்தில் ஆறு வயசுப் பொடியன். “அண்ணே, அரை கிலோ துவரம் பருப்பு. போன தடவை புழு இருந்துச்சாம், நல்லதாக் குடுங்க!” (சிரிப்பு, கைதட்டல்) சுத்தமான தாம்பரத்துத் தமிழ்! எந்த ரயில் கத்துக்குடுத்துச்சு? கேட்டா, “மூணாவது தெரு கவர்மெண்ட் ஸ்கூல்”ங்கறான்.

வேறொரு வகைப் பள்ளி இருக்கு. பேர் வேண்டாம். பிள்ளைக்கு மூணு வயசு. விண்ணப்பத்தில் அப்பா என்ன பட்டம், அம்மா என்ன பட்டம், வீட்டில் பேசும் மொழி என்னன்னு கேள்வி. சேர்வது பிள்ளை, பரீட்சை அப்பனுக்கு! (சிரிப்பு) அரசுப் பள்ளி கேட்கிற முதல் கேள்வி, “பேரு என்னடா?” ரெண்டாவது கேள்வி, “சாப்பிட்டியா?”

இந்த ரெண்டாவது கேள்வி லேசானதல்ல, நடுவர் அவர்களே. 1956-இல் பெருந்தலைவர் காமராசர் மதிய உணவைத் தொடங்கியபோது, முதலில் ஊராருடைய நன்கொடையில்தான் பெரும்பாலும் நடந்தது. அரசாங்கத்தின் பங்கு பின்னால் வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார். அஞ்சு மணிக்கே வீட்டு வேலைக்குக் கிளம்புகிற தாய் ஒருத்தி எங்கிட்ட சொன்னாங்க: “சார், இப்பல்லாம் நான் பஸ்ல அழறதில்லை.” இதுக்கு மேல நான் என்ன சொல்ல!

சரி, வெறும் சோறுதானா என்று எதிரணி கேட்கும். 1958-இல், பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்தது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு நடத்திக் காட்டிய இயக்கம் அது. இயக்கம் பரவப் பரவ, ஊர் ஊராக ஒருத்தர் பெஞ்சு கொடுத்தார், ஒருத்தர் கரும்பலகை கொடுத்தார், ஒருத்தர் நிலமே கொடுத்தார். ‘கவர்மெண்ட் ஸ்கூல்’னு நாம சொல்றோமே, அதில் கவர்மெண்ட் பாதி, நம்ம தாத்தா பாட்டி பாதி!

2015 டிசம்பரை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராசபுரத்திலும் வீட்டுக்குள் ஆறு. தெற்கே போகிற ரயில்கள் ரத்து. அன்றைக்கு என் நண்பருடைய ரயில் நிலையம் என்ன செய்தது? “பயணிகளின் கவனத்திற்கு” என்று அறிவித்தது! (சிரிப்பு) மேடான இடத்துப் பள்ளிகள் கதவைத் திறந்தன. ரெண்டு மாடி வீட்டுக்காரரும் குடிசைக்காரரும் ஒரே வகுப்பறையில், பக்கத்துப் பக்கத்துப் பாயில். டிக்கெட் கேட்டாங்களா?

இன்னொன்று. 2021 நவம்பரில் அஞ்சு நகராட்சி, அஞ்சு பேரூராட்சி சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆச்சு. அப்புறமும் சில பள்ளிப் பலகையில் ‘ஊராட்சி ஒன்றிய’ என்றே இருந்தது. சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரலை. ஏரி போச்சு, வயல் போச்சு. இங்கே ஒரு கிராமம் இருந்ததென்று சொல்ல அந்தப் பலகைதான் பாக்கி.

படிப்பு? ராமேஸ்வரத்து ஊர்ப் பள்ளியில் படித்த அப்துல் கலாம், குமரி மாவட்டத்து மேலசரக்கல்விளை அரசுப் பள்ளியில் தமிழில் படித்த சிவன், ரெண்டு பேரும் பின்னால் விமானப் பொறியியல் படிக்க வந்த இடம் நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. “அவங்க தாம்பரம் ஸ்கூல்ல படிக்கலையே”ன்னு நண்பர் முணுமுணுக்கிறார். அதைத்தான் ஐயா நானும் சொல்றேன்! அந்த ஊர்க்காரங்க அவங்க பள்ளிக்கூடத்தைக் காப்பாத்தினாங்க, நமக்குப் பெருமை கிடைச்சது. நம்ம பள்ளிக்கூடத்தை நாம என்ன பண்ணிட்டிருக்கோம்?

இங்கேதான் எனக்கு வருத்தம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூணு பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கூட்டத்துக்கு வர்றது யாரு? அரைநாள் கூலியை விட்டுட்டு வர்ற சித்தாள் அம்மா. குழாயில் தண்ணி வரலைன்னு எழுந்து பேசறதும் அவங்கதான். பக்கத்துக் காலனியில் ஓய்வுபெற்ற இன்ஜினியர், கணக்கு அதிகாரி, பேராசிரியர் எல்லாரும் இருக்காங்க. “என் பிள்ளை அங்கே படிக்கலையே”ங்கறாங்க. சார், உங்க ஓட்டு அங்கேதானே? வெள்ளம் வந்தா உங்க பாய் அங்கேதானே? (கைதட்டல்) 2024-இல் முன்னாள் மாணவர்களையும் குழுவில் சேர்த்தாங்க. இந்த அரங்கத்தில் அரசுப் பள்ளியில் படிச்சவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்! (பலர் கை தூக்குகின்றனர்) நடுவர் ஐயா, எதிரணியிலேயே ரெண்டு கை! (பலத்த சிரிப்பு)

மணி அடிச்சுட்டீங்க. பள்ளிக்கூட மணின்னு நினைச்சு அடங்கி உட்கார்றேன். ரயில் மணியா இருந்தா ஓடிப் போய் ஏறணும்.