கேமராவுக்கும் ஒரு பூட்டு வேண்டும்

(மரக்காணத்தில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உப்பளக் காற்றில் நம் பள்ளியின் சன்னல் கம்பி துருப்பிடித்தால் உடனே கண்ணில் படுகிறது, பெயின்ட் அடிக்கிறோம். ஆனால் சுவரில் மாட்டிய கண்காணிப்புக் கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் பழசாவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

இணையத்தில் இணைத்த கேமரா ஒரு சிறிய கணினி. அதற்குள் ஓர் இணையப் பக்கம் இருக்கிறது. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் படம் தெரியும். பழைய கேமராக்கள் பலவற்றில் அந்தப் பக்கம் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் சரியாகத் திறக்கும். அந்த உலாவிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூன் 15 அன்று நிறுத்திவிட்டது. கேமரா படம் காட்டுகிறது என்பதாலேயே அது பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருளில்லை.

2016இல் மிராய் என்ற தீநிரல், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லையே வைத்திருந்த ஏராளமான கேமராக்களைக் கைப்பற்றியது. 2021இல் ஹிக்விஷன் கேமராக்கள் பலவற்றின் இணையப் பக்க மென்பொருளில் ஒரு பிழை வெளிப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதன் வழியே உள்ளே நுழைய முடிந்தது. நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. அதை நிறுவாத கேமராவில் அந்தப் பிழை அப்படியே இருக்கும்.

இதனால் என்ன நேரும்? 2025 பிப்ரவரியில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராவில் பதிவான பெண்களின் சிகிச்சைக் காட்சிகள் இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. பாதுகாப்புக்கு என்று வைத்த கேமராதான் அது.

நம் மாணவர்களின் பெற்றோர் பலர் விடியுமுன்பே உப்பளத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளை நம்மை நம்பி அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளைகளின் முகமும், அவர்கள் வரும் நேரமும் போகும் நேரமும் கேமராவில் பதிவாகின்றன.

எனவே நான்கு வேலைகளைச் செய்வோம். முதலாவது, கேமரா, பதிவுக் கருவி, ரவுட்டர் மூன்றின் கடவுச்சொல்லையும் மாற்றுவோம். கேமரா பொருத்தியவர் வைத்துவிட்டுப் போன கடவுச்சொல்லும் இதில் அடங்கும். இரண்டாவது, மென்பொருள் புதுப்பிப்பு இருக்கிறதா என்று ஆண்டுக்கு இருமுறையாவது பார்ப்போம். மூன்றாவது, புதுப்பிப்பே வராத கேமராவை இணையத்திலிருந்து துண்டிப்போம். பள்ளிக்குள் இருக்கும் பதிவுக் கருவியில் அது தொடர்ந்து பதிவு செய்யும். நான்காவது, காட்சிகளை யார் பார்க்கலாம் என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசி, பெயர் குறித்து எழுதி வைப்போம்.

மாலையில் வகுப்பறையைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புகிறோம். கேமராவையும் அப்படி ஒருமுறை இழுத்துப் பார்ப்போம்.