என்ன செய்கிறீர்கள்?



வேலைக்கான நேர்காணலில் ஒருவர் உங்களைப் பார்த்து "வாட் டு யூ டூ?" என்று கேட்கிறார். மாலையில் நண்பர் போன் செய்து "வாட் ஆர் யூ டூயிங்?" என்கிறார். தமிழில் இரண்டு இடத்திலும் "என்ன செய்றீங்க?" என்றே கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. முதல் கேள்வி உங்கள் தொழிலைக் கேட்கிறது. அடுத்தது, இந்த நேரத்தில் கையில் என்ன வேலை என்று கேட்கிறது. ஆங்கில நிகழ்காலத்தில் நாம் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

"ஐ டீச்" என்று ஓர் ஆசிரியை சொன்னால், கற்பிப்பது அவர் தொழில். கோடை விடுமுறையில் வீட்டில் ஓய்வாக இருக்கும்போதும் அவர் அப்படிச் சொல்லலாம். "ஐ ஆம் டீச்சிங், அப்புறம் பேசு" என்றால் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. "ஐ லிவ் இன் திருச்சி" என்பவருக்குத் திருச்சிதான் ஊர். "ஐ ஆம் லிவிங் இன் திருச்சி" என்பவர் வேலைக்காகவோ படிப்புக்காகவோ கொஞ்ச காலம் அங்கே தங்கியிருக்கிறார் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

அறிதல், விரும்புதல், உடைமை போன்றவை நடந்துகொண்டிருக்கும் செயல்கள் அல்ல, நிலைகள். அதனால் "ஐ ஆம் நோயிங் ஹிம்", "ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்" என்பவை பிழை. "ஐ நோ ஹிம்", "ஐ ஹேவ் டூ சில்ட்ரன்" போதும். ஆனால் "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" சரி. அங்கே ஹேவ் என்பது சாப்பிடுவதைக் குறிக்கிறது. 'இங்' இல்லாத இந்த நிகழ்கால வடிவத்தில் அவன், அவள், அது வந்தால் வினையின் கடைசியில் 'எஸ்' சேரும் என்பது உங்களுக்குத் தெரியும், பேசும்போதுதான் விட்டுப்போகிறது.

அடுத்து, நேர்காணலில் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2018". 2018லிருந்து இங்கே வேலை செய்கிறேன் என்று தமிழில் சொல்வது முற்றிலும் சரி. ஆங்கிலமோ, அன்று தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2018". தொடங்கிய நாளுக்கு சின்ஸ். எத்தனை காலம் என்பதற்கு ஃபார்.

ஆங்கிலம் படிக்கத் தமிழை மறக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. "தாஜ்மகால் பார்த்திருக்கிறேன்" என்கிறோம். "நேற்று பார்த்தேன்" என்கிறோம். நேற்று என்று நாளைச் சொல்லிவிட்டால் "பார்த்திருக்கிறேன்" நம் வாயில் வராது. ஆங்கிலமும் இதேதான். "ஐ ஹேவ் சீன்" என்பதோடு எஸ்டர்டே சேராது. "ஐ சா" என்றுதான் வர வேண்டும். இங்கே நம் தாய்மொழியே வழிகாட்டுகிறது.

பன்னிரண்டு காலங்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வதால் பேச்சு வந்துவிடாது. காதால் கேட்க வேண்டும். கிரிக்கெட் ஆங்கில வர்ணனையைக் கேளுங்கள். பந்து கண்ணெதிரே பறந்தாலும் "ஹி போல்ஸ்", "ஹி ஹிட்ஸ்" என்பார்கள். கணத்தில் முடியும் செயல் அது. மழை தூறினால் "இட் இஸ் ரெயினிங்" என்பார்கள், அது தொடர்கிறது. அடுத்த ஆட்டத்தின்போது ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, 'இங்' வரும் வினைகளை ஒரு பக்கமும் வராதவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள்.